மெரினா, கிண்டி, ஒரு பேருந்துச் சீட்டு: நினைவுச் சின்னங்களின் அரசியல்

(மேனாம்பேட்டில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அய்யாவின் பெயரால் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் நினைவுச் சின்னங்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று அமைப்புத் தோழர்களிடம் நான்தான் கேட்டு வாங்கினேன். அய்யாவுக்குச் சிலை கிடையாது. அவர் பெயரில் தெருவும் கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர். ஷிப்ட் முடிந்து வந்து, கை கழுவிய ஈரம் காயும் முன்பே வீட்டு முன்னறையில் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர். அவர் மறைந்தபின் அவருடைய புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு புத்தகத்தின் நடுவில் பழைய பேருந்துச் சீட்டு ஒன்று கிடைத்தது. பக்கம் அடையாளத்துக்கு வைத்தது என்று முதலில் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால், மங்கிய எழுத்தில் 'டாக்டர் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம்' என்று அச்சாகியிருந்தது. அதை ஏன் பத்திரப்படுத்தினார் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. இங்கே இருக்கும் இளைய தோழர்களுக்குப் புரியாது. அவர்கள் பிறப்பதற்கு முன்பே அந்தப் பெயரை அழித்துவிட்டார்கள். இன்றைய பேச்சை அங்கிருந்து தொடங்குகிறேன்.

பெயர் போன கதை

1994 ஜனவரியில் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தை இரண்டாகப் பிரித்து, டாக்டர் அம்பேத்கர் பெயரில் ஒரு கழகம் அமைத்தார்கள். வடசென்னையும் நம் பக்கமும் அதன் கீழ் வந்தன. நம்முடைய ஊர் அப்போது செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம். எம்.ஜி.ஆர். மாவட்டத்தில் குடியிருந்து, அம்பேத்கர் பேருந்தில் ஏறி வேலைக்கும் பள்ளிக்கும் போய்வந்தோம். எஸ்டேட் வாசலில் இறங்கும் எல்லாச் சாதிக்காரரின் சட்டைப் பையிலும் பாபாசாகேப் பெயர் அச்சிட்ட சீட்டு இருந்தது. யாரும் அதை மாலை போட்டுக் கும்பிடவில்லை. அது அன்றாடத்தில் கலந்த பெயர்.

தமிழ்நாடு முழுக்க அப்படித்தான் இருந்தது. சேரன், சோழன், பாண்டியன், கட்டபொம்மன், மருது பாண்டியர், ராணி மங்கம்மாள், தீரன் சின்னமலை, பெரியார், அண்ணா, ஜீவா என்று பேருந்துகள் ஓடின. மாவட்டங்களுக்கும் தலைவர்களின் பெயர்கள். ஈரோடு பெரியார் மாவட்டம், விருதுநகர் காமராசர் மாவட்டம், சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். மன்னர், பாளையக்காரர், கட்சித் தலைவர், சாதித் தலைவர் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு தேர்தல் கணக்கு இருந்தது. அதை யாரும் மறைக்கவுமில்லை.

1997இல் அந்தப் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்ந்தது. விருதுநகர் மாவட்டத்தை மையமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு அறிவித்தது. தூத்துக்குடிப் பக்கம் கவர்னகிரியைச் சேர்ந்தவர் சுந்தரலிங்கம், கட்டபொம்மனின் படைத்தளபதி, தேவேந்திரகுல வேளாளர். 1799இல் வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்துத் தன்னையும் மாய்த்துக்கொண்டவர் என்று தென்மாவட்ட மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள்.

அரசுக்கு அவர் திடீரென்று நினைவுக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்துக்குள் காவல்துறை புகுந்து வீடு வீடாகச் சூறையாடியது. அதன்பின் தென்மாவட்டத் தலித் மக்கள் பழைய கட்சிகளை விட்டுத் தனியே திரளத் தொடங்கினார்கள். 1996 தேர்தலில் ஓட்டப்பிடாரத்தில் டாக்டர் கிருஷ்ணசாமி வென்றார். அந்த வாக்குகளைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வந்தது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. கட்டபொம்மன் பெயரும் அப்படித்தானே வந்தது?

அடுத்து நடந்ததுதான் நம் பாடம். ஒரு தலித்தின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் நின்றார்கள். பேருந்துகள் மீது கல் விழுந்தது. கலவரத்தில் உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? கல்லெறிந்தவர்களிடம், கட்டபொம்மன் பேருந்தில் நாங்கள் ஏறவில்லையா, இதில் நீங்கள் ஏறினால் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுத்தால் பழி வரும். ஆகவே எல்லாப் பெயர்களையும் எடுத்தது. 1997 ஜூலையோடு போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் அத்தனையும் போயின. சேரன் போனார், பெரியார் போனார், அண்ணா போனார். எங்கோ விருதுநகரில் எறிந்த கல், அம்பத்தூரில் ஓடிக்கொண்டிருந்த அம்பேத்கர் பேருந்தின் மீதும் விழுந்தது. எம்.ஜி.ஆர். மாவட்டம் பிரிந்து நாம் திருவள்ளூர் மாவட்டமானோம்.

இதைச் சாதிச் சண்டையைத் தணிக்க எடுத்த பொதுவான முடிவு என்று இன்றும் பாராட்டுவோர் உண்டு. வரிசையைப் பாருங்கள். மன்னர்களின் பெயர்கள் இருந்தபோது பொதுமை கெடவில்லை. ஆதிக்கச் சாதித் தலைவர்களின் பெயர்கள் இருந்தபோதும் கெடவில்லை. ஒடுக்கப்பட்டவனின் பெயர் அதே வரிசையில் வந்து நின்ற அன்றுதான் பெயர்கள் எல்லாமே ஆபத்து என்று ஆயின. ஊர்க்கிணற்றில் சேரிக்காரன் வாளி விட்டால் கிணற்றையே தூர்ப்பார்கள் என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். 1997இல் ஒரு மாநில அரசு அதைச் செய்தது.

அதே பருவத்தில்தான், 1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவருடன் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அவர்கள் வந்துகொண்டிருந்த பேருந்தை மறித்துத்தான் வெட்டினார்கள். அரசியல் சட்டம் தந்த நாற்காலியில் ஒரு தலித் உட்கார்வதைத் தாங்க முடியாத கையும், பேருந்தின் நெற்றியில் ஒரு தலித்தின் பெயரைத் தாங்க முடியாத கையும் வேறு வேறல்ல.

மகாராட்டிரத்தையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் சூட்ட 1978இல் தீர்மானம் நிறைவேறியது. உடனே தலித் குடியிருப்புகள் எரிந்தன. தீர்மானம் கிடப்பில் போனது. தலித் இயக்கங்கள் பதினாறு ஆண்டுகள் விடாமல் போராடி 1994 ஜனவரி 14இல் அந்தப் பெயரை ஏற்றினார்கள். இங்கே சில வாரங்களில் விட்டுக்கொடுத்த அரசை எதிர்த்து, நம் தரப்பிலிருந்து அத்தகைய நீண்ட போராட்டம் எழவில்லை. இதை நம் குறையாகவே சொல்கிறேன்.

கடற்கரையும் தோட்டமும்

இனி நினைவிடங்களுக்கு வருகிறேன். சென்னையில் அரசு மரியாதைக்கு இரண்டு பெரிய இடங்கள் இருக்கின்றன. ஒன்று மெரினா. அங்கே அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி இருக்கிறார்கள். இன்னொன்று கிண்டி காந்தி மண்டப வளாகம். 1956இல் திறந்த காந்தி மண்டபத்தைச் சுற்றி ராஜாஜி, காமராசர், பக்தவத்சலம் ஆகியோரின் நினைவிடங்களும் தியாகிகள் மணிமண்டபமும் இருக்கின்றன. இரட்டைமலை சீனிவாசன் மணிமண்டபமும், 2023 டிசம்பர் 1 அன்று திறந்த அயோத்திதாசப் பண்டிதர் மணிமண்டபமும் அங்கேதான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் படிநிலை உண்டா என்று நாமாகக் கேட்டால், எல்லாவற்றிலும் சாதி பார்க்கிறீர்கள் என்பார்கள். அந்தப் படிநிலையை அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட நாள் ஒன்று இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 7 மாலை கருணாநிதி மறைந்தார். மெரினாவில் இடம் தர முடியாது, கிண்டியில் ராஜாஜி, காமராசர் நினைவிடங்களுக்கு அருகே இரண்டு ஏக்கர் தருகிறோம் என்றது அன்றைய அரசு. பதவியில் இருக்கும்போது இறந்தவர்களுக்குத்தான் கடற்கரை, முன்னாள் முதல்வர்களுக்குக் கிண்டி என்பது வாதம். தி.மு.க. இரவோடு இரவாக உயர் நீதிமன்றத்துக்குப் போய், மறுநாள் காலை மெரினாவைப் பெற்றது. தீர்ப்பு வந்ததும் ராஜாஜி அரங்கின் முன் கூடியிருந்தவர்கள் அழுததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த அழுகையை நான் கேலி செய்யவில்லை. எந்த இடத்தில் புதைக்கிறார்கள் என்பது எவ்வளவு பெரிய அரசியல் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

கிண்டி கேவலமான இடமல்ல. காமராசர் இருக்கும் இடம். ஆனால் கணக்கு தெளிவு: ஆட்சியில் உள்ள கட்சியின் தலைவருக்குக் கடற்கரை, கட்சி ஆட்சியை இழந்தவருக்கும் ஆட்சியையே காணாதவருக்கும் தோட்டம். நம் முன்னோடிகள் மூன்றாவது வகை. அவர்களுக்கான மண்டபத்தை எப்போதும் இன்னொருவரின் ஆட்சிதான் கட்ட வேண்டியிருக்கிறது.

அயோத்திதாசர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் வந்த அறிவிப்பு, அவருடைய 175ஆம் ஆண்டை ஒட்டி வடசென்னையில் மணிமண்டபம் என்றது. கட்டி முடித்தபோது அது கிண்டியில் இருந்தது. இடத்துக்கான நிர்வாகக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் வடசென்னையின் ஒரு சாலையோரத்தில், ஆலைத் தொழிலாளியும் மீன்காரம்மாவும் கடந்துபோகும் வழியில் அது நின்றிருந்தால் அதன் பொருளே வேறு. பாம்புப் பண்ணையும் சிறுவர் பூங்காவும் பார்க்க வந்தவர்கள் எட்டிப் பார்க்கும் வளாகத்துக்குள் பண்டிதர் உட்கார்ந்திருக்கிறார். மண்டபம் வந்ததற்கு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த மகிழ்ச்சியோடுதான் இதைச் சொல்கிறேன்.

காத்திருப்பின் கணக்கு

மரியாதை வருவதற்கு எத்தனை ஆண்டு ஆகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஜெயலலிதா 2016 டிசம்பரில் மறைந்தார். நினைவிடம் 2021 ஜனவரியில் திறந்தது. கருணாநிதி 2018இல் மறைந்தார். நினைவிடம் 2024 பிப்ரவரியில் திறந்தது. 'பறையன்' என்று தன் இதழுக்குப் பெயரிட்டு 1893இல் வெளிக்கொணர்ந்தவர், வட்டமேசை மாநாடுகளில் பாபாசாகேபோடு அமர்ந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1945இல் மறைந்த அவருக்கு அஞ்சல்தலை வெளியானது 2000இல். அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். அஞ்சல்தலை 2005இல், மணிமண்டபம் 2023இல். ஒருவருக்கு நான்கு ஆண்டு, ஒருவருக்கு நூற்றொன்பது ஆண்டு.

தில்லியிலும் இதே கதைதான். பிரதமர் பதவியில் இருக்கும்போதே 1955இல் நேருவுக்குப் பாரத ரத்னா. எம்.ஜி.ஆருக்கு மறைந்த மறு ஆண்டே, 1988இல். 1989 ஜனவரியில் தமிழ்நாட்டுத் தேர்தல் இருந்தது. அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவருக்கோ 1990இல்தான், மறைந்து முப்பத்து நான்கு ஆண்டு கழித்து. நாடாளுமன்ற வளாகத்தில் அவர் சிலை 1967இல் வந்தது. மைய மண்டபத்தில் அவர் படம் ஏறுவதற்கு 1990 ஏப்ரல் வரை காத்திருந்தோம். 1956க்கும் 1990க்கும் இடையில் அம்பேத்கர் புதிதாக எதுவும் எழுதிவிடவில்லை. மாறியது வெளியே இருந்த அரசியல். பகுஜன் சமாஜ் கட்சி 1984இல் தோன்றி வட இந்தியாவில் வாக்குகளைத் திரட்டியிருந்தது. வி.பி. சிங்கின் சிறுபான்மை அரசு பிற்படுத்தப்பட்டோரையும் தலித்துகளையும் சார்ந்து நின்றது. நூற்றாண்டு விழாவும் நெருங்கியது.

சமூகவியல் வகுப்பில் 'கூட்டு நினைவு' என்று படித்தோம். எதை நினைக்கிறோம் என்பதைக் கடந்த காலம் தீர்மானிப்பதில்லை, நினைக்கிற கூட்டத்தின் இன்றைய தேவை தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். அதை நம் அனுபவத்தால் இன்னும் கூர்மையாகச் சொல்லலாம். அரசு எழுப்பும் மண்டபம் அந்தத் தலைவரின் தொண்டை அளக்கும் கோல் அல்ல. அவரை நினைக்கிற மக்களுக்கு அந்த ஆண்டில் பேரம் பேசும் வலிமை எவ்வளவு இருந்தது என்பதை அளக்கும் கோல்.

வலிமை குறைந்தால் வைத்ததையும் நகர்த்துவார்கள். 2024 ஜூனில் நாடாளுமன்ற வளாகத்தில் காந்தி, அம்பேத்கர் சிலைகளை முன்பிருந்த இடத்திலிருந்து எடுத்து, எல்லாச் சிலைகளையும் ஓரிடத்தில் சேர்த்தார்கள். பார்வையாளர்களின் வசதிக்கு என்றார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூடி முழக்கமிடும் இடம் காந்தி சிலையடி என்பதை யாரும் மறக்கவில்லை.

எந்தக் கட்டடத்துக்கு எந்தப் பெயர்

இன்னொரு பங்கீடும் நடக்கிறது. எம்.சி. ராஜா பெயர் எங்கே இருக்கிறது? சைதாப்பேட்டையில் ஆதிதிராவிட மாணவர் விடுதிக்கு. அங்கே தங்கிப் படித்துத்தான் நம்மில் பலர் ஆளானோம், அந்த விடுதியை வணங்குகிறேன். ஆனால் அவர் சென்னை மாகாணத்தின் தலைவர், வெறும் விடுதித் தலைவர் அல்ல. நம் தலைவர்களின் பெயர்களை நமக்கான கட்டடத்துக்கு மட்டுமே சூட்டினால், பெயருக்கும் சேரி கட்டுகிறார்கள் என்றுதான் பொருள்.

பெண் தலைவர்களின் நிலை இதைவிட மோசம். சத்தியவாணி முத்து தி.மு.க.வின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவர், மாநில அமைச்சர். 1974இல் கட்சியை விட்டு வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர். 1979இல் ஒன்றிய அமைச்சர். அவர் பெயரில் அரசு நடத்துவது இலவசத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. 2019 முடிவிலிருந்து அந்தக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். நகரத்தின் நடுவில் அவருடைய பெயரைச் சுமந்து இருந்த மக்கள் நகரத்துக்கு வெளியே போனார்கள். மீனாம்பாள் சிவராஜ் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

பொது நிறுவனத்துக்கு நம் தலைவரின் பெயர் ஏறிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சென்னைச் சட்டக் கல்லூரி சாட்சி. டாக்டர் அம்பேத்கர் பெயர் தாங்கிய கல்லூரி அது. 2008இல் தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டு அச்சிட்டார்கள். அதில் மூண்ட பகை நவம்பர் 12 அன்று கல்லூரி வாசலில் இரத்தமாக முடிந்தது. அந்த வன்முறையை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு பெயரை உச்சரிக்காமல் விடுவதற்கு எவ்வளவு உறுதி வேண்டியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். 2019 ஆகஸ்ட்டில் வேதாரண்யத்தில் நடுச்சாலையில், காவலர்கள் இருக்கும் இடத்திலேயே அம்பேத்கர் சிலையை உடைத்தார்கள். மறுநாளே அரசு புதுச் சிலை வைத்தது. நல்லது. ஆனால் தமிழ்நாட்டில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் சிலைகளைக் கணக்கெடுத்தால், யாரை அடைத்திருக்கிறோம், யாரை வெளியே விட்டிருக்கிறோம் என்பது தெரியும்.

'இந்தக் காசுக்குப் பள்ளிக்கூடம் கட்டலாமே'

மணிமண்டபம் கேட்டால் உடனே வரும் பதில் இது. உத்தரப் பிரதேசத்தில் மாயாவதி லக்னோவில் அம்பேத்கர், கான்ஷிராம் நினைவிடங்களைக் கட்டியபோது நாடே இதைக் கேட்டது. 2012 தேர்தலின்போது தேர்தல் ஆணையம் மாயாவதி சிலைகளையும் யானைச் சிலைகளையும் துணிபோட்டு மூடச் சொன்னது. தன் சிலையைத் தானே வைத்துக்கொண்டதை நானும் ஏற்கவில்லை. ஆனால் 2018இல் குஜராத்தில் 182 மீட்டர் உயரத்தில் பட்டேல் சிலை எழுந்தபோது, பள்ளிக்கூடக் கணக்குக் கேட்ட குரல்கள் எவ்வளவு மெலிந்திருந்தன? மெரினாவில் கேட்டோமா? சிக்கனம் நம் தலைவர்களின் வாசலில் மட்டும் நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடமும் வேண்டும், மண்டபமும் வேண்டும் என்று கூச்சமில்லாமல் சொல்வோம்.

நாம் கட்டிய களங்கள்

அரசு மறந்திருந்த காலமெல்லாம் நம் மக்கள் மறக்கவில்லை. ஓட்டேரி இடுகாட்டில் இரட்டைமலை சீனிவாசன் நினைவிடத்துக்கு 'உரிமைக்களம்' என்று பெயரிட்டோம். மேலவளவில் முருகேசனும் தோழர்களும் துயிலும் இடம் 'விடுதலைக்களம்'. அரசு மண்டபம் என்கிறது, மக்கள் களம் என்கிறார்கள். மண்டபத்தில் பிறந்தநாளுக்கு அமைச்சர் வந்து மலர் தூவுவார். களத்தில் நாம் போய் உறுதிமொழி எடுப்போம்.

அயோத்திதாசரைக் காத்தது கல்லும் சிமெண்டும் அல்ல. கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கி வந்த கூலியில் சித்தார்த்தா புத்தகசாலையை நடத்திய தொழிலாளர்கள் காத்தார்கள். பழுப்பேறிய 'தமிழன்' இதழ்களைப் பெட்டியில் வைத்திருந்த குடும்பங்கள் காத்தன. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் நூலாக வெளியிட்ட பிறகுதான் பல்கலைக்கழகங்கள் அவரைக் கண்டுகொண்டன. அஞ்சல்தலையும் மண்டபமும் அதன்பின் வந்தவை. முதலில் வாசகர்கள், பிறகு இயக்கம், கடைசியில் அரசு. இந்த வரிசையை நாம் தலைகீழாக்கக் கூடாது.

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. உன் உட்சாதித் தலைவர், என் உட்சாதித் தலைவர் என்று நாமும் மண்டபத்தைப் பங்கு போடுகிறோம். சுந்தரலிங்கத்தின் பெயர் போனபோது வடமாவட்டத்தில் நாம் எத்தனை பேர் தெருவுக்கு வந்தோம்? நம் பக்கத்து அம்பேத்கர் பேருந்தும் சேர்ந்தே போனது என்பதைக்கூடப் பலர் கவனிக்கவில்லை. அய்யா கவனித்தார். சீட்டை எடுத்து வைத்தார்.

என்ன கேட்பது

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவின் அடையாளமாகிவிட்ட சொல் போவது நமக்கு மகிழ்ச்சிதான். நான் கேட்பது அடுத்த கேள்வி: போன இடத்தில் எந்தப் பெயர் வரும்? பூவின் பெயரும் எண்ணும் போட்டு, 1997இல் செய்ததுபோல் யாருக்கும் நோகாமல் முடித்துவிட்டால் நாம் இரண்டாம் முறை ஏமாறுவோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்தில் நம் தெருக்களுக்கு மட்டும் நம் தலைவர்களின் பெயரை வைத்துவிட்டால் அதுவும் ஏமாற்றுதான். எஸ்டேட் சாலைக்கு வேண்டும். மாநகராட்சிப் பூங்காவுக்கும் மேம்பாலத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் வேண்டும். எல்லோரும் ஏறி இறங்கும் இடத்தில், எல்லோர் வாயிலும் வரும்படி வேண்டும். மீனாம்பாள் நிறுத்தத்தில் ஒரு டிக்கெட் கொடுங்கள் என்று யாரோ ஒரு சாதிக்காரர் நடத்துநரிடம் சாதாரணமாகக் கேட்க வேண்டும்.

இதற்கு மனு எழுதுவது எளிது. அதோடு நிற்காமல் வார்டு கூட்டத்தில் எழுந்து பேசவும், எதிர்ப்பு வந்தால் பதினாறு ஆண்டு நிற்கவும் தயாரா என்பதே நமக்கு முன்னுள்ள கேள்வி. இந்த ஆண்டிலிருந்து நம் அமைப்பு அந்தப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சாலை, எந்தப் பெயர், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு போதும். இளைய தோழர்கள் எழுதட்டும்.

அய்யாவின் புத்தகங்களோடு அந்தச் சீட்டும் இப்போது நம் நூலகத்தில் இருக்கிறது. கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுங்கள். அப்படி ஒரு பேருந்து இந்த வழியாக ஓடியது என்று சொல்லுங்கள்.